கோயில் வளைவில் விலகிய ஓட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குருக்கள்மடத்துக்கும் பெரியகல்லாற்றுக்கும் இடையில் கல்முனை வீதியில் பல தடவை போய்வந்து, கடைசியில் பெரியகல்லாற்றில் முடிகிற சைக்கிள் ஓட்டப் போட்டி. எங்கள் விளையாட்டுக் கழகத்திலிருந்து நாலு பேர் ஓடினோம். அந்த நாலு பேரில் வெல்ல வேண்டியவன் ஒருவன்தான், பொடியன் என்று நாங்கள் கூப்பிடுகிற இளையவன். அவனை வெல்ல வைப்பது மற்ற மூன்று பேருக்கும் வேலை.

இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். வெல்லாமல் இருப்பதற்கா விடியற்காலையில் எழும்பிப் பயிற்சி எடுக்கிறாய் என்று என் மனைவியே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். சைக்கிள் ஓட்டத்தில் பெரிய தொல்லை காற்றுதான். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொண்டால், அவனுடைய பின்சக்கரச் சில்லோடு ஒட்டி வருகிறவனுக்குப் பலம் மிச்சமாகும். அதிலும் ஆடி மாதத்துக் கச்சான் காற்று நெஞ்சிலே அறைகிற காற்று. அதனால் ஒருவர் மாறி ஒருவர் முன்னால் நின்று, மூச்சு முட்ட இழுத்துவிட்டு விலகுவோம். கடைசியாக இழுப்பவன் நான். முடிவுக் கோட்டுக்குக் கிட்டவரை முழு வேகத்தில் கொண்டுபோய், சரியான இடத்தில் வழிவிட வேண்டும். முந்தி விலகினால் அவன் காற்றில் மாட்டிக்கொள்வான். பிந்தினால் மற்றவர்கள் தாண்டிவிடுவார்கள்.

அன்றைக்கு எங்கள் பொடியன் வென்றே ஆக வேண்டும். சம்பளம் கொடுத்து ஓட்டக்காரர்களை வைத்திருக்கிற கொழும்பு அணி ஒன்றிலிருந்து ஆள் வந்திருந்தார். முதலாவதாக வருகிறவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். டயர் ஒட்டும் கடையில் காலம் தள்ளிக்கொண்டிருந்த எங்கள் பொடியன், அன்று காலையில் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

கடைசிச் சுற்று. முதல் இருவரும் இழுத்து முடித்து விலகிவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறேன். நிமிர்ந்தால் வீதிக்கு மேலே துணி கட்டிய வளைவு தெரிகிறது. முடிவுக் கோட்டுக்கு மேலே கட்டியிருந்த பதாகை அதுதான் என்று நினைத்து, கணக்காக விலகினேன். விலகிய பிறகுதான் வாழைமரமும் அம்மன் படமும் கண்ணில் பட்டன. போன சுற்றில் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. நாங்கள் வடக்கே போய்த் திரும்புவதற்குள் கோயில்காரர் திருவிழா வளைவை நிமிர்த்திவிட்டார்கள்!

"அண்ணன், இது கோயில் வளைவு! முடியிற இடம் இன்னும் அங்கால கிடக்கு!" என்று கத்திக்கொண்டே பொடியன் என்னைத் தாண்டினான்.

காற்றை எதிர்த்து அவன் தனியே போகிறான். அவனுக்குப் பின்னால் மற்றக் கழகத்துக்காரர் சுகமாக ஒட்டிக்கொண்டு, அவன் களைக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். என் தொடை இரண்டும் விறைத்துவிட்டன. இழுத்து முடித்து விலகியவன் திரும்ப முன்னுக்குப் போனதை நான் அதுவரை கண்டதில்லை. ஆனால் அந்தப் பொடியன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"வேகத்தக் குறைடா தம்பி! நான் முன்னுக்கு வாறன், ஒட்டிக்க!" என்று கத்திக்கொண்டு சீட்டை விட்டு எழும்பினேன். எப்படி மிதித்தேனோ தெரியாது. வீதியின் ஓரத்து மணலோடு உரசிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். கண் இருட்டியது, வாயில் இரத்த ருசி வந்தது. உண்மையான பதாகை தெளிவாகத் தெரிந்து, அதிலிருந்த எழுத்தை வாசித்த பிறகுதான் விலகினேன். அவன் என் தோளுக்குப் பக்கத்தால் சீறிக்கொண்டு போனான்.

பிறகு அவனுக்குப் பின்னால் ஒட்டி வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டினார்கள். ஒலிபெருக்கியில் எங்கள் பொடியனின் பெயர் கேட்டது. ஒரு சில்லு முந்தி வென்றிருக்கிறான்! நான் மெல்ல மெல்ல மிதித்து வந்து, என்னை அறியாமலே இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டினேன்.

அங்கே நடந்ததை, கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி பிறகு சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "வெண்டவன் முந்தியே போயிற்றான். மறுகா இந்த ஆள் ஏன் கா கையத் தூக்குறான்?" என்று சிரித்தாராம்.

"அவர் இழுத்துக் கொண்டந்து விட்ட பொடியன்தான் வெண்டவன். பின்ன அவர் தூக்காம நீங்களா தூக்குற?" என்று கேட்டாளாம் இவள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

பொடியன் இப்போது அந்தக் கொழும்பு அணியில்தான் ஓடுகிறான். நானும் எத்தனையோ போட்டியில் ஓடிவிட்டேன், ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததில்லை. ஆனாலும் நீ வென்ற ஓட்டம் எது என்று யாராவது கேட்டால், பதினான்காவதாக வந்த அந்த ஓட்டத்தைத்தான் யோசிக்காமல் சொல்லுவேன்.