ஓட்டுகிறவர்தான் பதில் சொல்லணும்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் பேச வந்தார். பிள்ளைகளுக்குப் பேசி முடித்த பிறகு ஆசிரியர்களைத் தனியாக உட்கார வைத்து, யார் யார் கார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். நானும் கை தூக்கினேன். பதினாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை காரில் பெல்ட் போடாமல் இருந்தால், கேஸ் ஓட்டுகிறவர் மேல்தான் என்றார். எந்தக் கூட்டமாக இருந்தாலும் ஒரு சந்தேகமாவது கேட்காமல் எழுந்து வருவது என் வழக்கமில்லை. "சார், பிள்ளையோட அம்மாவே பக்கத்துல உக்காந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அம்மா இருந்தாலும் சரி, தாத்தா இருந்தாலும் சரி. ஓட்டுறவங்கதாம்மா பதில் சொல்லணும்" என்றார்.

மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பாவம், அவருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். ஆனால் இட்லிக்கு எந்தச் சட்னி என்பதைக்கூட நான் தனியாக முடிவு செய்ததில்லை.

வண்டி மாமாவுடையது. மாமா என்றால் என் கணவரின் அப்பா. பேரணாம்பட்டில் ஒரு டேனரியில், தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற பினிஷிங் வேலையில் காலமெல்லாம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் இந்தக் காரை வாங்கினார். வாங்கின கையோடு கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டும் ஆசை அதோடு போயிற்று. அந்த ஆசையை எல்லாம் சீட் கவரில் காட்டினார். கடையில் விற்கிற கவர் வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். தானே தோல் பார்த்து, தானே நிறம் சொல்லி, தெரிந்த தையல்காரரைப் பக்கத்தில் நின்று வேலை வாங்கி, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துத் தைக்க வைத்தார். காபி நிறம். குனிந்தால் முகம் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் கார் கதவைத் திறந்து, "தொட்டுப் பாருங்க" என்பார். தொட்டுப் பார்த்த பிறகுதான் காபி வரும்.

கோடை விடுமுறையில் என் நாத்தனார் குடியாத்தத்திலிருந்து தன் ஆறு வயதுப் பையனோடு வந்திருந்தாள். பையனுக்கு முதலை பார்க்க வேண்டும். அமிர்தி மிருகக்காட்சிசாலையில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. என் கணவருக்கு ஷூ கம்பெனியில் ஷிப்மென்ட் நாள். "நீயே ஓட்டிட்டுப் போய்ட்டு வாயேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மாமா வழக்கம்போல முன் சீட்டில். நாத்தனாரும் பையனும் பின்னால். சாவியைப் போடுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்தது. "பெல்ட் போடு கண்ணா" என்றேன். அவன் உற்சாகமாக இழுத்தான். நுனியில் இருக்கும் இரும்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"அத்தை, மாட்டுற ஓட்டை காணோம்."

இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து துழாவினேன். லாக் இருக்க வேண்டிய இடத்தில் விறைப்பான தோல்தான் இருந்தது. அழுத்திப் பார்த்தால் அடியில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வாங்கிய நாளிலிருந்து பின் சீட்டில் யாரும் பெல்ட்டைத் தேடியதே இல்லை.

"உள்ளதாம்மா இருக்குது. எங்கயும் போய்டல" என்றார் மாமா. "வெளிய வுட்டா கவர் நல்லா உக்காராதுன்னு உள்ள வெச்சுத் தெச்சாச்சு."

அப்படியானால் பையனை முன்னால் உட்கார வைக்கலாமா என்று பார்த்தேன். முன் சீட்டில் வெயில் மறைப்பைத் திருப்பினால், அங்கே ஏர்பேக் எச்சரிக்கையாகச் சின்னப் பிள்ளையின் படம் போட்டு மேலே சிவப்பில் குறுக்குக் கோடு. பெல்ட் இல்லாமல் பிள்ளையை ஏற்றக் கூடாது. பெல்ட் இருக்கிற இடத்தில் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். எனக்கே தலை சுற்றியது.

"வுடுங்க அண்ணி, நான் புடிச்சிக்கிறேன்" என்றாள் நாத்தனார். "எம் புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?"

"இன்னாம்மா பேஜார் பண்றீங்க, நேரமாவுது" என்ற மாமா கண்ணை மூடி ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டார். வண்டி கிளம்புவதற்கு முன் ஜெபம் எங்கள் வீட்டில் தவறாது. இந்தப் பிரயாணத்தை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே என்று முடித்தார். நானும் ஆமென் சொன்னேன். சொல்லும்போதே, இப்போது பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று ஒரு குழப்பம். பிள்ளை அவளுடையது, வண்டி மாமாவுடையது, பிரயாணம் ஆண்டவருடையது. ஸ்டீயரிங் மட்டும் என் கையில்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்துத் தாண்டிப் போயின. "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி போலாம்மா" என்று மாமா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மாதனூர் தாண்டியதும், பால் கேன் கட்டின பைக் ஒன்று எதிர்த்திசையிலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, பைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார், பையன் மட்டும் நிற்கவில்லை. அந்த வழவழப்பான சீட்டில் சறுக்கு மரத்தில் வருவதுபோல வந்து, முன் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் பெட்டியில் முகம் மோதினான். அவன் சிப்ஸ் கேட்டிருக்கிறான். பாக்கெட்டைப் பிரிக்க நாத்தனார் அவன் மேலிருந்து கையை எடுத்த நேரம் அது.

வீறிட்டு அழுதான். உதட்டில் ரத்தம்.

"ஏன் அண்ணி இப்டி பிரேக் அடிச்சீங்க?" என்றாள் அவள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெல்ட் போடச் சொன்னபோது அவன் அவள் பிள்ளை. அடிபட்டதும் அது என் பிரேக். வண்டியை ஓரம் கட்டினேன். உதட்டைக் கழுவிப் பார்த்தோம். உள்பக்கம் கிழிந்திருந்தது, முன்பல் ஒன்று ஆடியது. "பால் பல்லுதான், ஒண்ணும் இல்ல" என்றார் மாமா. பையன் விசும்பல் நின்றதும், "அப்ப முதலை?" என்று கேட்டான்.

"போலாமா?" என்றார் மாமா.

நான் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். எந்தத் தைரியத்தில் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முன்னால் போகவும் பயம், வீட்டுக்குத் திரும்பினாலும் அதே சீட்டில்தான் வர வேண்டும். வழியில் சாப்பிட எடுத்துவந்த பழக்கூடையில் மாம்பழம் நறுக்கும் கத்தி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின் கதவருகே போய் நின்றேன்.

"மாமா, ஒண்ணு நீங்க வெட்டுங்க. இல்ல நான் வெட்டுறேன். இல்லன்னா வண்டி இங்கயேதான் நிக்கும்."

நாத்தனார் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பையனை இறுக்கிக்கொண்டாள். மாமா மெல்ல இறங்கி வந்தார். கவரை ஒரு முறை தடவினார். லாக் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.

"நீயே வெட்டும்மா. எனக்குக் கண்ணு தெரியல."

அந்தக் கட்டைவிரல் கண் இல்லாமலே எல்லாம் கண்டுபிடிக்கும். அவருக்குக் கண் தெரியவில்லையா, மனம் வரவில்லையா, நான் கேட்கவில்லை. வெட்டினேன். நல்ல தோல், லேசில் வழிவிடாது. அறுத்து அறுத்து, கோணல்மாணலாக ஒரு வாய் திறந்ததும் லாக் வெளியே வந்தது. பையன் பெல்ட்டை மாட்டினான். 'டக்' என்றது. பெல்ட் பெரியவர்களுக்கானது, அவன் கழுத்தில் உரசியது. இந்த வயதுக்கென்று சின்ன சீட் தனியாக வாங்கிப் போட வேண்டுமாம், அதை அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் பொறுப்பு முடிந்ததா, பாதிதான் முடிந்ததா என்று புரியாமலே வண்டியை எடுத்தேன்.

அமிர்தி போகும்வரை மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, வருத்தமா, பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். முதலை அசையாமல் தூங்கியது. பையன் அதற்கே சந்தோஷப்பட்டு, ஆடுகிற பல்லை அதனிடம் காட்டினான். திரும்பும்போது மாமா முன் சீட்டில் ஏறவில்லை. மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். அவர் கை வழியெல்லாம் அந்தக் கிழிசல் மேலேயே இருந்தது. கிழிசலைத் தடவுகிறாரா, லாக்கைப் பிடித்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் என் கணவர் வந்து பின் கதவைத் திறந்தார். பையனின் உதட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் கண் சீட்டுக்குப் போய்விட்டது.

"இன்னாது இது? யாரு இப்டிக் கிழிச்சது?"

நான் பதில் சொல்லத் தயாரானேன். வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"வண்டி ஓட்டுறவங்க கிழிச்சாங்க" என்றார் மாமா, இறங்காமலே. "எதுனா கேக்கணும்னா என்னைக் கேளு."

கணவர் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார், நாத்தனாரும் போனாள். நான் கூடையை எடுக்கக் குனிந்தேன். மாமா அதிலிருந்து கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். தன் பக்கத்துத் தோலில் கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"இந்தப் பக்கத்து லாக்கையும் எடுத்து வுட்டுரும்மா" என்றார். "இந்த வாட்டி கொஞ்சம் நேரா வெட்டு."