வால் பக்கம் நின்று எடுத்த படம்

என் மனைவி ஜெயித்த ஒரு போட்டியில், அவள் தோற்றுவிட்டாள் என்று மைக்கில் அறிவித்தவன் நான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதே மைக்கில் அதைத் திருத்தியும் சொன்னேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் பாதி ஆராதனை, பாதி சந்தை. காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார், உயிர்க்கோழி, கேக் எல்லாம் மதியம் ஏலத்துக்குப் போகும். ஏலம் சூடு பிடிப்பதற்கு முன் மண்டபத்தில் விளையாட்டுகள் நடக்கும். அதில் யானைக்குக் கண் வைப்பதற்கு எப்போதும் கூட்டம் அதிகம். கரும்பலகையில் கண் இல்லாத யானை ஒன்றை வரைந்து, கண் வர வேண்டிய இடத்தில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைப்பார்கள். போட்டியாளர் ஒரு தடவை அருகில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி விடுவார்கள். நடந்து போய் வெள்ளைச் சாக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். சிவப்புப் புள்ளிக்கு மிக அருகில் யாருடைய கோடு இருக்கிறதோ, அவருக்குப் பரிசு.

அந்த ஆண்டு நடுவராக என்னைப் போட்டார்கள். பாலாநகரில் விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் ஆலையில், வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளவு விஷயத்தில் நான் சொன்னால் சபையில் மறுபேச்சு இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் மனைவிக்குக் குளுகோமா. பார்வை ஓரங்களிலிருந்து தேய்ந்து, இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். அதுவும் மங்கல். அவள் பெயர் கொடுத்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எதுக்கு இதெல்லாம்? தடுக்கி விழுந்துட்டா?" என்றேன் தணிந்த குரலில்.

"எல்லாருக்கும் கண்ணைத்தான கட்டப் போறாங்க. இந்த ஒரு விளையாட்டுலதான் நானும் அவங்களும் ஒண்ணு," என்றாள். பேச்சு இன்னும் பெற்றவர்களின் பாளையங்கோட்டைப் பேச்சுதான். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று நடுவில் வராவிட்டால், இங்கே பிறந்து வளர்ந்தவள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அவள் முறை வந்ததும், மற்றவர்கள்போலத் தள்ளி நின்று பலகையைப் பார்க்கவில்லை. அருகில் போய், மூக்கு உரசுவதுபோல் குனிந்து, சிவப்புப் புள்ளியைத் தேடிப் பிடித்தாள். பலகையின் மரச் சட்டத்திலிருந்து அந்தப் புள்ளி வரை சாண் போட்டாள். கீழ்ச் சட்டத்திலிருந்தும் அப்படியே. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "அக்கா, ஜாக்கெட் தைக்க அளவு எடுக்கிறீங்களா?" என்றாள் ஒருத்தி. என் மனைவி சாக்கட்டியை வாங்கிக்கொண்டாள். கண்ணைக் கட்டிச் சுற்றி விட்டார்கள். ஒரு கணம் நின்று, ஏலக்காரர் கத்தும் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று காதைக் கொடுத்துவிட்டு, நேராக நடந்தாள். சட்டத்தைத் தொட்டாள். சாண் போட்டாள். கோடு போட்டாள்.

கோடு புள்ளிக்குச் சற்று மேலே விழுந்தது. அவளுக்கு முன்பே, பாடகர் குழுவில் பாடும் இன்னொரு பெண்மணி புள்ளிக்குப் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டிருந்தாள். மற்ற கோடுகளெல்லாம் தும்பிக்கையிலும் காதிலும், ஒன்று வாலுக்குக் கீழும் கிடந்தன. இந்த இரண்டு கோடுகளுக்குள்தான் போட்டி.

டேப் எடுத்து அளந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் டேப் எடுக்கவில்லை. ஏலப் பொருள்களின் விலையை எழுதப் பலகை வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். "ஒரு நிமிஷம், போட்டோ எடுத்துக்கறேன், தர்ட் அம்பயர்கிட்ட விட்டுருவோம்," என்று போனை எடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எதிரே நின்றால் ஜன்னல் வெளிச்சம் பலகையில் அடித்துக் கோடே தெரியவில்லை. அதனால் பக்கவாட்டில், யானையின் வால் பக்கமாக ஒதுங்கி நின்று எடுத்தேன். எடுத்த கையோடு பலகையைத் துடைத்துவிட்டார்கள்.

போன் திரையில் படத்தைப் பெரிதாக்கி, நகத்தால் அளந்தேன். பாடகிப் பெண்மணியின் கோடு புள்ளியை ஒட்டினாற்போல் இருந்தது. என் மனைவியின் கோடு தள்ளி நின்றது. மைக்கில் சொன்னேன். கூடவே, "சொந்த வீட்டுக்காரிக்காகக்கூட அளவை மாத்த மாட்டேன்," என்றும் சேர்த்துக்கொண்டேன். அதற்கும் கைதட்டினார்கள். பெரிய ஹாட்பாக்ஸ் ஒன்று பரிசு. பாடகிப் பெண்மணி வாங்கிக்கொண்டாள்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கைதட்டலுக்காக மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. அவள் ஜெயித்திருக்க முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. ஏதோ குருட்டாம்போக்கில் கோடு அருகில் விழுந்திருக்கிறது என்றுதான் எண்ணினேன். பார்வை மங்க ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் ஒவ்வொரு வேலையாக அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரன் அவளிடம் கேட்டதற்கு நான் பதில் சொல்வேன். டாக்டர் அவளிடம் கேட்டதற்கும் நான்தான். அன்பு என்று பெயர் வைத்திருந்தேன். அன்று படத்தை இரண்டாவது தடவை பார்க்காமல் விட்டதற்கும் காரணம் அதுதான். அவளால் முடியாது என்று எனக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பு.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவள் கேட்டாள்.

"எவ்வளவு தள்ளிப் போச்சு?"

"கொஞ்சம் மேலே போயிட்டுது."

"ஒரு விரக்கடை போயிருக்கும். கையை எடுக்கும்போதே தெரிஞ்சுது. அவளோடது எவ்வளவு?"

"உன்னோடதுல பாதிகூட இல்லை. படத்திலே தெளிவா இருக்கு."

"அரை விரக்கடையா? கோடே அந்தத் தடிப்பு இருக்குமே." ஆட்டோவின் கம்பியில் விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "நீங்க எங்க நின்னு படம் எடுத்தீய?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று தைத்தது. சாய்வாகப் பார்க்கும்போது பக்கவாட்டு நீளம் சுருங்கும், உயரம் அவ்வளவாகச் சுருங்காது. இதை ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே நான் சொல்லிக் கொடுத்ததுண்டு. பக்கவாட்டில் தள்ளியிருந்தது பாடகிப் பெண்மணியின் கோடு. மேலே தள்ளியிருந்தது என் மனைவியின் கோடு. நான் நின்றது வால் பக்கம். தலை இருந்ததோ படத்தின் தூரக் கோடியில். சுருங்க வேண்டிய இடத்திலேயே மிக அதிகமாகச் சுருங்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் படத்தைத் திறந்தேன். பலகையின் அருகு ஓரம் உயரமாகவும் தூர ஓரம் குட்டையாகவும் தெரிந்தன. நல்ல வேளையாக நான்கு மூலைகளும் படத்துக்குள் இருந்தன. மருந்து பில்களைப் படமெடுத்து அனுப்புவதற்காகப் போனில் ஒரு செயலி வைத்திருக்கிறேன். கோணலாக எடுத்த காகிதத்தை அதுவே நேராக்கிக் கொடுக்கும். நான்கு மூலைகளையும் காட்டினேன். பலகை நிமிர்ந்தது. யானையும் நிமிர்ந்தது. இப்போது இரண்டு கோடுகளும் புள்ளியிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சமம் என்று அறிவித்துவிடலாம். அவளுக்கும் ஒரு பரிசு வாங்கிக் கொடுத்துவிடலாம். என் மானமும் பாதி தப்பும். அவளிடம் போய், "சமம் போலத்தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் பரிசுன்னு சொல்லிடலாம்," என்றேன்.

"போலவா? அளந்தீயளா இல்லையா?"

"கிட்டத்தட்ட."

"ஆறுதல் பரிசு எனக்கு நக்கோ. தோத்திருந்தா தோத்தேன்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். பாவம் பாத்துக் குடுக்க வேண்டாம்."

திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் யானையைக் கவனித்தேன். ஒல்லியாக இருந்தது. பட்டினி கிடந்ததுபோல் வயிறு ஒட்டி, கால்கள் நீண்டு, ஒட்டகத்துக்கு உறவாகத் தெரிந்தது. செயலிக்குத் தெரிந்ததெல்லாம் நெட்டுவாக்கில் பிடித்த காகிதம்தான். மூலைகளைச் செங்கோணமாக்கிவிட்டு, பலகையின் நீள அகலத்தைக் காகிதத்தின் விகிதத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. கோணலைத் திருத்தினால் மட்டும் போதாது, உண்மையான பலகை எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான் படம் உண்மை பேசும்.

மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். நீளம் உயரத்தைப்போலச் சரியாக இரண்டு மடங்கு இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் முதல் படத்தையே எடுத்தேன். நான்கு மூலைகளையும் தனித்தனியே இழுத்து, ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பொருத்தினேன். யானைக்கு வயிறு வந்தது. தலை அகன்றது. யானை யானையானது. பாடகிப் பெண்மணியின் கோடு புள்ளியை விட்டுப் பக்கவாட்டில் நழுவிப் போய் நின்றது. அளந்தேன். இன்னொரு தடவை அளந்தேன். அவளுடையது இரண்டு விரல் அகலத்துக்கு மேல். என் மனைவியுடையது ஒரு விரல் அகலம். ஆட்டோவில் அவள் சொன்ன அதே ஒரு விரக்கடை.

நாற்காலியை விட்டு எழுந்து கத்தியே விட்டேன்.

"என்னங்க, பாம்பா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீதான் ஜெயிச்சே!"

"அதான் அன்னைக்கே எனக்குத் தெரியுமே. உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்," என்றாள். ஆனால் கதவருகே வந்து நின்றபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை, பல ஆண்டுகளாக நான் பார்க்கவில்லை.

கஷ்டமான வேலை அடுத்தது. பாடகிப் பெண்மணியின் வீடு போலாரத்தில். அச்செடுத்த இரண்டு படங்களோடு போய் உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்றேன். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் படத்துல யானை ஓகே. அந்தப் படத்துல இடிச்ச கார் மாதிரி இருக்கு."

"ஆமாம். அதை வெச்சுத்தான் தீர்ப்பு சொன்னேன்."

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க? எதுக்கு டென்ஷன்? எனக்கே டவுட்டுதான். நான் பாட்டுக்குக் கையை நீட்டிக் கிறுக்கினேன். அக்கா இன்ஜினியர் மாதிரி அளந்தாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அந்த ஹாட்பாக்ஸ்ல ரெண்டு தடவை பிரியாணி வெச்சுட்டேனே. வாசனை போகாதே."

"பரவாயில்லை."

"உங்களுக்குப் பரவாயில்லை. அக்காகிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். போனில் என் மனைவியைக் கூப்பிட்டு போனைப் பாடகிப் பெண்மணியின் கையிலேயே கொடுத்தேன். இருவரும் என்னை உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார்கள். அதில் பிரியாணி வாசனை பற்றிய பேச்சு கொஞ்சமும், என்னைப் பற்றிய பேச்சு மிச்சமும் இருந்தது என்பது சிரிப்பிலிருந்தே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். பாட்டு வரிகள் காட்டும் திரையில் முதலில் கோணல் படம், பிறகு ஒட்டகப் படம், கடைசியில் நேரான படம். "நான் வால் பக்கம் நின்று பார்த்தேன். அவள் ஜெயிக்க மாட்டாள் என்று முன்பே முடிவு செய்துவிட்டுப் பார்த்தேன். இரண்டுமே தப்பு," என்றேன்.

பின்வரிசையிலிருந்து எங்கள் பொருளாளர் எழுந்தார். எதற்கும் ஒரு ஆட்சேபம் வைத்திருப்பவர். "இது எப்படி நியாயம்? அந்தம்மாவுக்கு வருஷம் பூரா கண் கட்டின ப்ராக்டீஸ்! மத்தவங்களுக்கு அன்னைக்கு ஒரு நாள்தான்!"

யாருக்கும் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. நான் அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்குள் என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஹவ், ப்ராக்டீஸ்தான். நீங்களும் பண்ணுங்களேன், யாரு வேண்டாம்னா?"

கோயிலே சிரித்தது. பொருளாளர் விடவில்லை. "தொட்டு அளந்தாங்களே?"

"பார்க்கக் கூடாதுன்னுதான் விதி. தொடக் கூடாதுன்னு இல்லையே," என்றார் போதகர். "அடுத்த வருஷம் எல்லாருமே தொடலாம். உட்காருங்க."

பரிசு வாங்க என் மனைவியைக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் அவள் முழங்கையைப் பிடிக்க எழுந்தேன். அவள் என் கையை மெல்ல விலக்கினாள். பெஞ்சுகளின் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே, யாரையும் இடிக்காமல், முன்வரிசை வரை போனாள். நான் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் உட்கார்ந்திருந்ததற்காக அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பாடகிப் பெண்மணி ஹாட்பாக்ஸை நீட்டினாள். "காலிப் பாத்திரமா குடுக்கக் கூடாதுல்ல அக்கா, உள்ளே டபுள் கா மீட்டா இருக்கு. பார்த்துத் தூக்குங்க, பாகு வழியும்."

வாசலில் மரத்தடியில் வைத்து என் மனைவியே அதைப் பரிமாறினாள். பாகில் ஊறிய அந்த ரொட்டி இனிப்பில் முதல் துண்டு பொருளாளருக்கு. வரிசை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருவரின் குரலைக் கேட்டதும் இன்னார் என்று கண்டு, அவர்களுக்கு ஏற்ற ஒரு கிண்டலோடு துண்டை வைத்தாள். என் தட்டை நீட்டியபோது அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வைத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"அளந்து பாருங்க," என்றாள்.