என் பரிந்துரைக் கடிதத்தை நானே மொழிபெயர்த்த கதை

ஓசூரில் ஒரு வழக்கறிஞரிடம் நான் ஜூனியராக இருந்த காலத்தில், கோர்ட்டுக்குப் போனதைவிடத் தொழிற்சாலைகளுக்குப் போனதுதான் அதிகம். ஒரு தொழிலாளி மேல் நிர்வாகம் குற்றம் சாட்டினால், தண்டிப்பதற்கு முன்னால் உள்விசாரணை நடத்தியாக வேண்டும். அதற்கு விசாரணை அதிகாரியாக என் சீனியரைக் கூப்பிடுவார்கள். மேஜையின் ஒரு பக்கம் நிர்வாகத்தின் ஆள் இருப்பார். எதிரே குற்றம் சாட்டப்பட்டவரும், அவருக்காகப் பேச வந்த சக தொழிலாளி ஒருவரும் இருப்பார்கள். ஓரத்தில் நான் உட்கார்ந்து, சொல்வதையெல்லாம் தமிழில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவேன்.

கர்நாடக எல்லையோரத்துத் தளி, ஜவளகிரிப் பக்கத்துத் தொழிலாளிகள் பதற்றம் வந்தால் தெலுங்குக்கோ கன்னடத்துக்கோ தாவிவிடுவார்கள். நான் ஊத்தங்கரைப் பக்கம் பிறந்தவள். ஆனால் ஓசூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு இடது பக்கம் தெலுங்குக் குடும்பம், வலது பக்கம் கன்னடக் குடும்பம். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நேரத்திலேயே இரண்டு மொழிகளும் வந்துவிட்டன. அதனால்தான் சீனியர் என்னை எங்கும் அழைத்துக்கொண்டு போனார்.

சட்டம் முடித்திருந்தேன். பிறகு தபால் வழியில் சமூகவியலில் எம்.ஏ.வும் எழுதியிருந்தேன், ஏதோ ஆசைக்கு. ஒரு மதியம் என் கணவர் கம்பெனி கேன்டீனிலிருந்து ஆங்கிலப் பேப்பர் ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்தார். அவர் தூத்துக்குடிக்காரர், ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகர். பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனம் சட்டத்தின் சமூகவியலில் பிஎச்.டி. செய்ய ஆள் கேட்டிருந்தது. நான்கு வருடம் உதவித்தொகை உண்டு.

"இது ஒனக்குன்னே போட்டமாரில்லா இருக்கு," என்றார்.

"எனக்கு முப்பத்திரண்டு வயசாச்சுங்க. அங்க வர்றவங்கல்லாம் தினமும் லைப்ரரியில ஒக்காந்து படிச்சவங்களா இருப்பாங்க."

"நீ தெனமும் விசாரணையில உக்காந்திருக்கேல்லா?"

உதவித்தொகை இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அன்றே முடிந்திருக்கும். என் சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் துணிந்தேன்.

ஆய்வுத் திட்டம் ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பாடப் புத்தகங்களில் இருந்த பெரிய சொற்களையெல்லாம் கோத்து ஆறு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் கேட்டிருந்தார்கள். சீனியர் நான்கு வரியில் ஒன்றை உடனே டைப் அடித்துக் கொடுத்தார். இன்னொன்று என் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடமிருந்து வர வேண்டும். எம்.ஏ. ஆசிரியர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது.

என் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் யார் என்று நான்கு நாள் யோசித்தேன். ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். தன் தொழிற்சாலையில் யார் மேல் குற்றச்சாட்டு வந்தாலும் துணைக்கு வந்து பேசுகிறவர் அவர்தான். ஆறு வருடமாக நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அப்போது அவர் சம்பந்தப்பட்ட விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் அருகே போய் நின்றேன்.

"நம்ம லெட்டரெல்லாம் பெங்களூர்ல ஒத்துக்குவாங்களா மேடம்? எனக்கு இங்லீஷ் வராது."

"தமிழ்லயே எழுதுங்கண்ணா. நான் மாத்திக்கறேன்."

"உள்ளத உள்ளபடி எழுதலாமா?"

"எழுதுங்க," என்றேன். அவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம். 'இவர் நிர்வாகம் கூப்பிட்ட வக்கீலுடன் வருகிறவர், அதனால் முதலில் நான் நம்பவில்லை' என்று ஆரம்பித்தது. தங்கள் ஆட்கள் எந்த பாஷையில் பேசினாலும் நிறுத்தி, திருப்பிக் கேட்டு எழுதுவார் என்று பாராட்டியிருந்தார். அடுத்து இப்படி இருந்தது: 'ஒரு தடவை தப்பாக எழுதினார். எங்கள் பையன் தெலுங்கில் செப்பேசி போயினானு என்றான். இவர் அனுமதி பெற்றுச் சென்றேன் என்று எழுதிவிட்டார். அதனால் அவன் பொய்யன் ஆகப் பார்த்தான். நான் கேட்டவுடன் எல்லார் முன்னாலும் தன் தப்பை ஒத்துக்கொண்டு திருத்தினார்.'

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மறந்துபோன விஷயமில்லை அது. அந்தத் தொழிலாளி சூபர்வைசரிடம் சொல்லிவிட்டு மிஷினை விட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, 'சொல்லிவிட்டு' என்பதைச் சட்டத்துக்குப் பொருத்தமாக 'அனுமதி பெற்று' என்று நான் ஆக்கினேன். சூபர்வைசரோ, தான் அனுமதியே கொடுக்கவில்லை என்றார். சொன்னது உண்மை, அனுமதி கொடுக்காததும் உண்மை. என் ஒரு சொல்லால் ஒருவருடைய வேலை போகப் பார்த்தது. திருத்திய பிறகு எச்சரிக்கையோடு முடிந்தது.

சீனியர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பாராவ விட்டுடும்மா. பரிந்துரைன்னா நல்லதத்தான் எழுதணும். அவருக்கா இங்லீஷ் தெரியப்போகுது?"

அன்று முழுக்க எனக்கும் அந்த எண்ணம்தான். வீட்டில் கணவரிடம் கேட்டேன்.

"எங்க கம்பெனில ரிஜெக்ட் ஆன பீஸ பாக்ஸுக்கு அடியில போட்டு அனுப்புவானுவ," என்றார். "கஸ்டமர் மொதல்ல அடியிலதான் பாப்பான்."

ஞாயிறு காலை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். என்னைப் புகழும் வரிகளை ஆங்கிலத்தில் எழுதக் கூச்சமாக இருந்தது. அவற்றைக் கொஞ்சம் குறைத்து எழுதினேன், பிறகு அதுவும் தப்பு என்று பட்டு, அவர் எழுதிய அளவுக்கே ஏற்றினேன். அந்தப் பாராவுக்கு வந்தபோது 'செப்பேசி' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் அல்லாடினேன். கடைசியில் தெலுங்கை அப்படியே போட்டுக் கீழே விளக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் என் ஆறு பக்கத் திட்டத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டைக் கணவர் வைத்தார். சாயங்காலத்துக்குள் புதுத் திட்டம் மூன்று பக்கத்தில் முடிந்துவிட்டது. தொழிலாளி தன் மொழியில் சொல்வது விசாரணைத் தாளில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு என்னிடம் ஆறு வருட அனுபவம் இருந்தது. மறுநாள் தமிழ்க் கடிதத்தையும் சேர்த்துத் தபாலில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நான்கு பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா கடிதத்தைத் தூக்கிக் காட்டி, "இதை யார் மொழிபெயர்த்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்."

"உங்கள் தவறைச் சொல்லும் பகுதியையுமா?"

"அவர் எழுதியிருந்தார், அதனால்," என்று மட்டும் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டார். ஓரத்தில் இருந்த பெரியவர், கன்னடத்தில் அந்தச் 'செப்பேசி போயினானு'வை எப்படிச் சொல்வார்கள் என்றார். "ஹேளி ஹோதே," என்றேன். "எங்கள் ஊரில் சொல்லிவிட்டுப் போனாலே அனுமதி வாங்கின மாதிரிதான்," என்றார் அவர். நடுவில் இருந்த அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் அவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. எனக்கு யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். நான் குடித்து முடித்தேன். வாதம் முடியவில்லை. இப்படி ஒரு வேலையில் சேர்ந்தால் நன்றாக இருக்குமே என்று அப்போதுதான் மனதார ஆசைப்பட்டேன்.

மூன்று வாரத்தில் தேர்வான கடிதம் வந்தது. சீனியர் இனிப்பு வாங்கிவரச் சொல்லி, இரண்டு எடுத்துக்கொண்டார். லேத் ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டார், உடனே கவலையும் பட்டார்.

"அப்ப விசாரணைக்கு எழுத இனிமே யார் வருவாங்க மேடம்? திருப்பிக் கேக்கற ஆளா பாத்து அனுப்பச் சொல்லுங்க."

ஓசூரிலிருந்தே தினமும் பஸ்ஸில் பெங்களூர் போய்வந்தேன். முதல் வாரம் ஒரு நாள் மாநில எல்லையில், ஜூஜுவாடியில், லாரிகள் குறுக்கும் நெடுக்கும் நின்று பஸ் நகரவே இல்லை. நூலகத்தில் எடுத்த புத்தகத்தை விரித்துக்கொண்டேன். போய்ச் சேரும்போது ஒன்றேகால் மணி நேரம் தாமதம். பயந்துகொண்டே நுழைந்தேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் இதைச் சொன்னபோது என் கணவரால் நம்ப முடியவில்லை. பத்து வருடமாகக் கார்டு பஞ்ச் செய்கிறவர் அவர்.

"லேட்டா போனா யாரும் கேக்க மாட்டாவளா?"

"கேக்கல."

"ஏட்டி, நெசமாவே இது வேலையா?" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தோம்.