முன்வரிசை இருக்கை

என் மனைவிக்குக் காசியைக் காணும் ஆசை இருந்தது. ஆனால் முழங்காலை மடக்கி நெடுநேரம் அமர இயலாது. வானூர்தியின் முன்வரிசையில் காலை நீட்டிக்கொள்ளலாம். அதற்குத் தனிக்கட்டணம் என்றதும் மறுத்துவிட்டாள்.

"காலை நீட்டுறதுக்குமா துட்டுக் குடுப்பாக?"

சிவகாசியில் நாட்காட்டி அச்சகம் நடத்தும் எங்கள் மகன், ஆர்டர் பிடிக்க அடிக்கடி வடக்கே பறப்பவன். குறித்த காலத்துக்குள் பறந்தால் பயணத்துக்குத் தரும் சலுகைப் புள்ளிகள் இரட்டிப்பாகும், உயர்நிலை உறுப்பினர் தகுதி விரைவில் கிட்டும் என்று விமான நிறுவனம் அப்போது அறிவித்திருந்தது. அத்தகுதி பெற்றவருக்கும் உடன்வருபவருக்கும் முன்வரிசை கட்டணமின்றிக் கிடைக்கும்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னும் ரெண்டு தடவை டெல்லி போயிட்டு வந்தாப் போதும்."

"ஏலே, காசிக்குப் போகணும்னது நானு. நீ எதுக்குலே சும்மா சும்மா போயிட்டு வாறே?" என்று சிரித்தாள்.

இரண்டாம் பயணத்திலிருந்து அவன் திரும்புமுன் மாரடைப்பில் மறைந்தாள். தகுதி கிட்டியது.

அவளது சாம்பலைக் கங்கையில் கரைக்க நாங்கள் இருவரும் முன்வரிசையில் சென்றோம். கலசப் பை என் மடியில் இருந்தது. மற்ற வரிசைகளில் முன்னிருக்கையின் அடியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே அதற்கு இடமில்லை, மேலேதான் வைக்கவேண்டும் என்று பணிப்பெண் கனிவாகச் சொன்னாள். மகன் எழுந்து பையை வாங்கித் தலைக்குமேலிருந்த அடுக்கில் வைத்தான். மூடாமல் நின்றுகொண்டேயிருந்தான். அப்பெண்ணே வந்து மூடினாள்.