பள்ளத்துக்குப் பள்ளம்

பதுளையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். மடியில் இருந்த கைப்பேசியை உள்ளங்கையால் பொத்தியிருந்தார். பஸ் பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் அவசரமாக எடுத்துப் பார்ப்பார், மறுபடி பொத்திக்கொள்வார்.

“அவங்களுக்குக் காது கேக்காதுங்க,” என்றார் கண்டக்டர். “கொழும்புல இருக்கிற மவன் வீடியோவுல வந்து கைஜாடையில பேசுவான். பஸ்ஸு குலுங்குனாலும் போன்தான் அதிருதுன்னு நெனைச்சிக்கிறாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. ஜாடையில் கேட்டுக் கைப்பேசியை வாங்கி, அழைப்பு வந்தால் பின்பக்க விளக்கு மின்னும்படி மாற்றினேன். உறையில் ஒட்டியிருந்த அவருடைய எண்ணுக்கு என் கைப்பேசியிலிருந்து நானே அழைத்துக் காட்டினேன். விளக்கு பளிச்சிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து என் கன்னத்தைத் தொட்டார்.

அதன்பிறகு பஸ் எத்தனையோ பள்ளங்களில் விழுந்து எழுந்தது. அவர் கைப்பேசியை எடுக்கவே இல்லை. அதை மடியில் கவிழ்த்து வைத்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கும்வரை அது மின்னவில்லை.

உதவி செய்துவிட்டதாகத்தான் இறங்கினேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. நான் அந்தக் கைப்பேசியைத் தொடும்வரை, பள்ளத்துக்குப் பள்ளம் மகன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.