ஞாயிறு சேராத நாற்பது நாள்

அண்ணை என்று நான் கூப்பிட்டவர் எனக்கு உறவில்லை. லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரே பங்குக் கோயிலில், பூசைக்கு ஒரே வாங்கில் அருகருகே இருந்து பழகியவர். இருபது வருடம் விமான நிலையக் கடையொன்றில் மதுபானம் விற்றார். வேலை நேரத்தில் ஒரு சொட்டும் வாயில் வைக்கக் கூடாது. வீட்டில் அவர் குடித்தது மலிவான பியர்தான்.

தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து அவர் வேலையை விட்டபோது, கூட வேலைக்கு நின்றவர்கள் அவர் அதிகம் விற்ற ஸ்கொட்ச்சில் ஒரு போத்தல் கொடுத்தார்கள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த முதல் சனிக்கிழமை, அதை என் சமையலறை மேசையில் வைத்தார்.

“பிளெண்டட் மால்ட். முளைக்கவிட்ட பார்லியில மட்டும் வடிச்சது. நாலைஞ்சு வடிசாலையளின்ர மால்டைக் கலந்திருக்கு. வேற தானிய விஸ்கி ஒரு துளியும் சேராது. முதல்ல தேன், பிறகு பேரிக்காய், கடைசியில மெல்லிசாப் புகை.” கடைக் குரலில் சொல்லிவிட்டுச் சிரித்தார். “இருபது வருஷமா இதைத்தான் ஒப்புவிச்சனான். மெய்யோ பொய்யோ எண்டு ஒருக்காலும் குடிச்சுப் பாக்கேல்லை.”

திங்கட்கிழமை கதிர் சிகிச்சை தொடங்க இருந்தது. சில வாரங்களில் நாக்கின் சுவை போய்விடும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரு வாய் குடிப்பதற்கு அவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார் அண்ணை.

“நாளைக்குப் பூசை முடிய உடைப்பமே?”

தவக்காலத்தில் குடிப்பதில்லை என்பது நாங்கள் இருவரும் பல வருடமாகக் காத்துவந்த நேர்த்தி. நாள் கிழமை தவறாமல் குறிப்பேடு எழுதுகிறவன் நான்.

“தவக்காலம், அண்ணை. நாற்பது நாள் எண்டால் நாற்பது நாள்தான். ஈஸ்டருக்கு உடைப்பம். ஆறு கிழமைதானே.”

“நீ கலண்டருக்குள்ள பிறந்தனி,” என்றார். பிறகு வற்புறுத்தவில்லை. போத்தலை என் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் நான் எழுதியது: தேநீர் வெந்நீர் போல இருக்கிறதாம். ஐந்தாம் வாரம்: சோறு கடதாசி போல இருக்கிறதாம்.

ஈஸ்டருக்கு முதல்நாள், பெரிய சனியன்று, குறிப்பேட்டில் நாட்களை எண்ணினேன். விபூதிப் புதனிலிருந்து நாற்பத்தாறு வந்தது. மறுபடி எண்ணினேன். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு தவத்தில் சேராது. எத்தனையோ புத்தகங்களில் வாசித்தது. தேவைப்பட்ட அன்று நினைவுக்கு வரவில்லை. அவர் உடைக்கக் கேட்ட அந்த ‘நாளைக்கு’ ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஈஸ்டர் பூசை முடிந்து போத்தலோடு அவர் வீட்டுக்குப் போய் முதலில் இதைச் சொன்னேன்.

“எனக்கும் தோணேல்லை. தோணியிருந்தாலும் உன்னோட ஆர் வாதாடுறது?”

கிளாசில் கொஞ்சம் ஊற்றி, அதில் ஒரு தேக்கரண்டி எடுத்துக் கொடுத்தேன். முகம் கோணியது. டிஷ்யூவில் துப்பினார்.

“எரியுது. வேற ஒண்டும் இல்லை.” கிளாசை என் பக்கம் தள்ளினார். “நீ குடிச்சுச் சொல்லு. எனக்காண்டிப் பொய் சொல்லாதை.”

குடித்தேன். “தேன் இருக்கு அண்ணை. புகை கடைசியிலதான் வருது. பூசை முடிஞ்சு சனம் போன பிறகு கோயிலுக்குள்ள நிக்கிற சாம்பிராணி மாதிரி.”

“பேரிக்காய்?”

இன்னொரு மிடறு குடித்துக் காத்திருந்தேன். “வரேல்லை.”

“ஐயோ, எத்தினை சனத்துக்குச் சொல்லி வித்தனான்!” சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்கியதும் கேட்டார்: “அது போத்திலில இல்லையோ, உன்ர நாக்கில இல்லையோ?”

“தெரியாது அண்ணை.”

அவருக்குச் சுவை திரும்பவில்லை. குளிர்காலம் தொடங்கும்போது அவரை அடக்கம் செய்தோம். போத்தல் என்னிடம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டியும் இரண்டு மிடறும் குறைந்திருக்கிறது.