இரும்புக் காளைக்குப் பின்னால்

கடற்கரை விடுதியில் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம் என்று பிரித்துப் படுக்கவைத்த இரவு ஞானம்மா கண்ணை மூடவில்லை. அவள் கணவன் தானியேலுக்கு வலிப்பு உண்டு. அது ஆலையில் ஒருவருக்கும் தெரியாது.

ஞானம்மா ஆரம்பாக்கத்துப் பெண். விவரம் தெரிந்ததிலிருந்து அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். தானியேல் அதே கழனிகளில் ஏர் பிடித்தவன். கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலை திறந்தபோது ஊரிலிருந்து முதலில் வேலைக்குப் போனவர்களில் அவனும் ஒருவன். உருளைகளுக்கு நடுவிலிருந்து பழுக்கச் சிவந்து சீறிவரும் கம்பியை இடுக்கியால் கவ்வித் திருப்பி, மறுபடி உருளைக்குள் விட வேண்டும். கொஞ்சம் தவறினாலும் கம்பி காலைச் சுற்றிக்கொள்ளும். அந்த வேலையில் நன்றாகக் காலூன்றிய பிறகு ஒருநாள், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே தட்டின்மேல் சாய்ந்தான்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நெருப்புப் பக்கம், தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது என்றார்கள். வெளியே வந்ததும் தானியேல் சொன்னான்: "ஒருத்தர் காதுலயும் உழக்கூடாது, ஞானம். தெரிஞ்சா கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. மறுபடியும் கழனில போய் கைகட்டிக்கினு நிக்க என்னால ஆவாது."

அவளாலும் ஆகாது. அதனால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவன் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. தெருவில் யாராவது வேகமாக நடந்துவந்தால்கூட வாசலுக்கு ஓடுவாள். வலிப்பு வரப்போவதன் அடையாளம் அவளுக்கு மட்டுமே தெரியும். இடது கை கட்டைவிரல் சுட்டுவிரலைத் தேய்க்க ஆரம்பிக்கும். பார்வை எங்கோ நிலைத்துவிடும்.

எழுபத்து நான்காம் வருஷம் ஆலையில் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு சென்னைக்குத் தெற்கே கடற்கரைக்கு அழைத்துப்போனார்கள். ஞானம்மா வேண்டாம் என்றாள். தானியேல் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு இடத்துக்கும் போனதில்லை, இதைக்கூட விடுவதா என்றான்.

மறுநாள் காலை கஞ்சிக்கு வரிசையில் நின்றவனை ஓரமாக இழுத்துக் கேட்டாள்: "மாத்திரை போட்டியா?"

"எல்லாரும் சுத்தி ஒக்காந்துக்கினு இருந்தாங்க. எப்டி போடறது?"

"தூங்கினியா?"

"சீட்டாட்டம். நம்ம தேசப்பன் எங்க உட்டான்?" என்று, ஆலையில் கூட வேலை செய்யும் கூட்டாளியைச் சொல்லிச் சிரித்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, யாரும் பார்க்காமல் அவன் கையில் திணித்தாள். அவன் விழுங்கினான். அவளுக்குப் போன உயிர் பாதி திரும்பியது, மீதி திரும்பவில்லை.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் மணவாளன் திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியக் குடும்பத்திலிருந்து ஆலைக்கு வந்தவர். மனைவி கோதைநாயகியும் கூட வந்திருந்தாள். மாமல்லபுரம் எல்லோரும் பார்த்ததுதானே, வழியிலேயே ஓவியர்கள் சேர்ந்து குடியிருக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கலாம் என்று சொன்னவள் அவள்தான். சவுக்குத் தோப்புக்கு நடுவே பஸ் நின்றது.

முதல் கூடத்துக்குள் நுழைந்ததும் ஞானம்மாவுக்குக் கால் கூசியது. அவள் அறிந்த படம் என்றால் காலண்டர் மாதா, கடைகளில் மாட்டிய லட்சுமி. இங்கே முகமே இல்லாத பெண்கள் இருந்தார்கள். ஒரே முகத்தில் மூன்று கண்கள் இருந்தன. வெறும் கறுப்பை அப்பி அதன் நடுவே ஒரு கை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஞானம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தானியேல் ஒரு பெரிய படத்தின் முன்னால் அசையாமல் நின்றான். படம் முழுக்கச் சிவப்பு. நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது.

"நம்ம கம்பி வர்ற மாதிரியே கீது, ஞானம். அந்த ஜுவாலை கூட வரும் போலக்கீது."

அவள் படத்தைப் பார்க்கவில்லை. அவன் இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் சும்மா இருந்தது.

"போதும், வாய்யா. கண்ணு கூசுது."

"நீ போ. நான் கொஞ்சம் பாக்கறேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் வெகு நாளாகப் பார்த்திருக்கவில்லை. அதனால் மேலே பேசவில்லை. அடுத்த கூடத்திலும் அவன் பின்னாலேயே, கைக்கெட்டும் தூரத்தில் நடந்தாள். வாசலில் கோதைநாயகி அவளைக் கூப்பிட்டு, "ஞானம்மா, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, செருப்பு வார் அறுந்துடுத்து" என்றாள். பையை வாங்கி, வாரை முடிச்சுப் போட்டுக் கொடுத்து நிமிர்ந்தபோது தானியேல் இல்லை.

கூடத்துக்குள் ஓடினாள். இல்லை. வெளியே வந்தாள். கூடத்துக்குப் பின்னால் தோப்பு முழுக்கச் சிலைகள் நின்றன. கல்லில், சுட்ட மண்ணில், துருப்பிடித்த இரும்பில். அதற்கப்பால் மணல். அதற்கப்பால் கடல். நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டி அலையில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவனைப்போலவே இருந்தான். தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்று சொன்ன டாக்டரின் குரல் காதில் கேட்டது. மணலில் விழுந்து எழுந்து ஓடினாள். திரும்பிப் பார்த்தவன் வேறு யாரோ.

மறுபடி தோப்புக்குள் வந்தாள். நிழலில் குனிந்து நின்ற ஒருவனை நோக்கி, "யோவ்" என்று ஓடினாள், அது கல். மரத்தடியில் மல்லாந்து கிடந்தவனைக் கண்டு கத்த வாயெடுத்தாள், அது மண்பொம்மை. ஒவ்வொன்றும் மனுஷனாகத் தெரிந்து, கிட்டப்போனால் இல்லாமல் போயிற்று. கர்த்தரைக் கூப்பிடக்கூட வார்த்தை வரவில்லை. அப்போது மணலைக் காலால் அறையும் சத்தம் கேட்டது.

பழைய இரும்புத் தகடுகளை ஒட்டவைத்து ஒரு காளை செய்து நிறுத்தியிருந்தார்கள். அதன் பின்னால் மறைவாக, குனிந்த தலையின் பக்கம் தானியேல் கிடந்தான். உடம்பு வெட்டிவெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. தலை ஒவ்வொரு முறை தூக்கிப்போடும்போதும், கூராகக் கீழே நீட்டியிருந்த கொம்புக்குச் சாண் தூரத்தில் போய் வந்தது. ஞானம்மா அந்தக் கொம்புக்கும் அவன் தலைக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அவனை ஒருக்களித்துத் திருப்பி, தலையை மடியில் தாங்கினாள். கொம்பு அவள் ரவிக்கையைக் கிழித்தது. நகரவில்லை.

இழுப்பு அடங்கியபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. கோதைநாயகி நின்றிருந்தாள். கையில் சாவிக்கொத்து இருந்தது. தூரத்திலிருந்தே இழுப்பைப் பார்த்து, இரும்பைக் கையில் கொடுக்க ஓடிவந்திருக்கிறாள்.

"எத்தனை நாளா இது?"

ஞானம்மா அவன் தலையை விடாமல் நிமிர்ந்தாள். "அம்மா, ஐயாகிட்ட சொல்லாதீங்கம்மா."

கோதைநாயகி சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. "வெயில்ல மயக்கம்னு சொல்லிக்கலாம். நான் வாயைத் திறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் முதுகில் அந்த இரும்பு இன்னும் குத்திக்கொண்டிருந்தது. இங்கே நடுவில் உட்கார நான் இருந்தேன், உருளைக்கு முன்னால் யார் உட்காருவார்கள் என்று நினைத்தாள்.

தானியேல் தெளிந்து பஸ்ஸில் போய்ப் படுத்ததும் அவள் நேராக மணவாளனிடம் போனாள்.

"சார், அது மயக்கம் இல்ல. வலிப்பு. கம்பிகிட்ட நிக்க வெக்காதீங்க. வேலையை மட்டும் எடுத்துடாதீங்க சார்."

மணவாளன் பஸ்ஸில் படுத்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை நாள் மறைச்சேளே. யார் உயிராவது போயிருந்தா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார்.

தானியேலைச் சில வாரம் வீட்டில் உட்காரவைத்தார்கள். அந்த நாட்களில் அவன் அவளோடு பேசவேயில்லை. சோற்றை வைத்தால் சாப்பிட்டான், அவ்வளவுதான். வேலை போயிற்று, நம் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு தேசப்பன் வந்து சொன்னான், ஆற வைத்த கம்பிகளைக் கட்டும் முற்றத்தில் இடம் போட்டிருக்கிறார்கள் என்று. சம்பளம் குறைவு. மணவாளன் மேலதிகாரியிடம் போய் மல்லுக்கட்டியதாகப் பேச்சு. அவர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

அவன் வேலையில் சேர்ந்த முதல் நாள் ஞானம்மாவும் கூடவே ஆலைக்குப் போனாள். கேட்டில் நின்று தேசப்பனையும் இன்னும் சிலரையும் வெளியே கூப்பிட்டாள். வெட்கத்தை விட்டுத் தரையில் தானே படுத்து, எப்படி ஒருக்களித்துத் திருப்ப வேண்டும், தலையை எங்கே பிடிக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று காட்டினாள். தானியேல் தலைகுனிந்து தள்ளி நின்றான்.

"புரிஞ்சுதா?" என்று அவள் எழுந்து புழுதியைத் தட்டினாள்.

"இன்னொரு வாட்டி காமி, அண்ணி" என்றான் தேசப்பன்.